அப்பாவின் சான்றிதழ் எங்கே என்று கேட்கும் கோட்டாட்சியர்களுக்கு

மதிப்பிற்குரிய வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் சார் ஆட்சியர்களுக்கும்,

எஸ்.டி. சாதிச் சான்றிதழ் கேட்டு உங்கள் அலுவலக வாசலில் நிற்கும் பழங்குடிக் குடும்பங்களைப் பற்றி உங்களிடமே நேரடியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆட்சியருக்கு மனு எழுதினால் அது ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு உங்களிடம் வருகிறது. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதினாலும் சென்னை வரை போய்விட்டு உங்களிடமே திரும்புகிறது. எனவே இந்த முறை சுற்றுவழியை விட்டுவிட்டேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். விழுப்புரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். சட்டக் கல்லூரிக்குப் போனவன் இல்லை. வயதான காலத்தில் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க வைத்தவர்கள் நீங்கள்தான். ஒருவகையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் அரசு மறுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. பழங்குடிப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி ஒரே ஒரு தாள் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. விடுதி, உதவித்தொகை, கல்லூரி இடம், வேலை, வன்கொடுமை நடந்தால் கிடைக்க வேண்டிய நிவாரணம் எல்லாமே அந்தத் தாளைக் கேட்கின்றன. தமிழ்நாட்டில் அதில் கையெழுத்திடும் அதிகாரம் 1989 நவம்பரிலிருந்து உங்கள் கையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் தாசில்தாரிடம் வாங்கிக்கொள்ளலாம். பழங்குடியினர் உங்களிடம்தான் வர வேண்டும். அந்த மனுவை நீங்கள் ஆண்டுக்கணக்கில் தூங்க விடும்போதும், காரணம் எழுதாமல் திருப்பும்போதும், ஒரு சான்றிதழைத் தள்ளிவைத்ததாக நினைக்கிறீர்கள். 14-ஆவது பிரிவையே ஒரு குடும்பத்துக்கு மறுத்துவிட்டீர்கள் என்கிறேன் நான்.

கடுமையாகத்தான் சொல்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

இ.பி. ராயப்பா வழக்கைப் பற்றி உங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்தவர். 1972-இல் அவரை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராகப் போட்டார்கள். சில வாரங்களில் விற்பனை வரி தொடர்பான சிறப்பு அலுவலர் பதவிக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கைவைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதவிகள் தலைமைச் செயலாளர் பதவிக்கு ஈடானவை அல்ல, தன்னை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று அவர் கருதினார். விடுப்பில் போனார். நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, 14, 16 ஆகிய பிரிவுகளின்படி தனக்குச் சமத்துவம் மறுக்கப்பட்டது என்றார். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள்.

1973 நவம்பரில் அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் அவர் தோற்ற அந்த வழக்கில்தான் நீதிபதி பகவதி 14-ஆவது பிரிவுக்குப் புதிய பொருள் கொடுத்தார். அதுவரை ஒருவரை ஒருவரோடு ஒப்பிட்டு, வேறுபாடு நியாயமா என்று பார்ப்பதுதான் சமத்துவத்தின் அளவுகோல். அரசின் செயல் மனம்போன போக்கில் அமைந்தால் அந்த ஒன்றே போதும், அது சமத்துவத்துக்குப் பகை என்று அவர் எழுதினார். அதற்குப் பிறகு இந்தியாவின் எந்த நீதிமன்றத்தில் யார் 14-ஆவது பிரிவைப் பற்றிப் பேசினாலும் ராயப்பாவின் பெயர் வராமல் இருப்பதில்லை.

நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் ஏணியின் உச்சிப் படியில் நின்ற ஒருவரின் மனக்குறையிலிருந்து பிறந்த கோட்பாடு இது. அவர் வழக்குப் போட்டதைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்த உரிமை இருந்தது. பணிமூப்புப் பட்டியலில் உங்கள் பெயரை ஒரு வரிசை கீழே இறக்கினால் நீங்களும் இதே பிரிவைக் காட்டித்தான் உயர் நீதிமன்றம் போவீர்கள். தலைமைச் செயலாளரின் நாற்காலிக்காகப் பேசிய அதே வாசகம், செங்கல் சூளையில் கல் அறுக்கும் ஓர் இருளரின் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்வதற்காகவும் பேசுகிறது. அவளால் உச்ச நீதிமன்றம் போக முடியாது. உங்கள் அலுவலகம் வரைதான் வர முடியும். பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி, கணினி மையத்தில் கொடுக்கும் காசு எல்லாம் போக, அதுவும் அடிக்கடி முடியாது.

சமத்துவம் யாருக்கு எவ்வளவு சீக்கிரம் கைக்கு எட்டுகிறது என்பதற்கு நம் சென்னை மாகாணமே முதல் சாட்சி. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-ஆம் ஆண்டிலேயே செண்பகம் துரைராஜன் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. வகுப்புவாரி அரசாணையால் தனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது அவருடைய முறையீடு. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்று பிறகு தெரிந்தது. இருந்தும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தாண்டி வரத்தான் அதே ஆண்டு ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது, இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(4)-ஆவது பிரிவு பிறந்தது. இது எல்லோரும் பேசும் கதை. பேசாத ஒன்று உண்டு. அந்த அரசாணை பதினான்கு இடங்களைக் கூறுபோட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பழங்குடி என்று ஒரு வரிகூட இல்லை. இடஒதுக்கீட்டை எதிர்த்தவர்களின் கணக்கிலும் அவர்கள் இல்லை, ஆதரித்தவர்களின் கணக்கிலும் இல்லை. இந்த மாநிலத்தில் பழங்குடியினருக்கென்று தனியாக 1 சதவீதம் ஒதுக்க 1990 வரை ஆயிற்று. அந்த ஒரு சதவீதத்தின் வாசலில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன்.

மனுவோடு வருபவரிடம் உங்கள் அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, “அப்பாவோட கம்யூனிட்டி எங்கே?” என்பது. அப்பாவுக்கு இல்லையென்றால் சித்தப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, ரத்த சொந்தத்தில் யாருக்காவது. “எங்க அப்பாரு பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லைங்களே, அவருக்கு எதுக்குங்க சான்றிதழ்” என்று அந்தத் தாய் சொல்வது உங்கள் எழுத்தருக்குப் பதிலாகத் தெரிவதில்லை. ‘ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று கணினியில் ஒரு வரி ஏறுகிறது, மனு முடிந்தது.

சான்று காட்டும் பொறுப்பு மனுதாரருடையது என்று சட்டம் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சான்றைக் கேட்பது? மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன குடும்பத்திடம் கேட்கும் அதே தாளை, முதன்முதலாக ஒரு பெண் பத்தாம் வகுப்புத் தேறிய குடும்பத்திடமும் கேட்பது பார்வைக்குச் சமமாகத் தெரியும். 14-ஆவது பிரிவின் கணக்கில் அது சமம் ஆகாது. சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவதும் அந்தப் பிரிவை மீறுவதுதான் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினரிடம் 54. அதுவும் மலையாளி என்னும் மலைப் பழங்குடியினர், தோடர், கோத்தர் எல்லோரையும் சேர்த்த சராசரி. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து ஏரிக்கரை இருளரைத் தனியே எடுத்துப் பார்த்தால் என்ன வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் தாள் இல்லாததற்குக் காரணம் அரசு அவரைப் பள்ளிக்கு அழைத்துப் போகாதது. அரசின் அந்தத் தவறை மகள்மீது ஏற்றி, அதையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டுகிறீர்கள்.

தாள் இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 1989-க்கு முன் தாசில்தார் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், அதிகாரம் இல்லாதவர் கொடுத்தது என்று ஒதுக்குகிறீர்கள். அன்றைக்கு அதிகாரம் அவருக்குத்தானே இருந்தது? அப்படிப்பட்ட பழைய சான்றிதழ்கள் செல்லும் என்று நீதிமன்றங்கள் சொல்லிப் பல காலம் ஆகிறது. தீர்ப்பு நகலை மனுவோடு இணைத்தாலும், படித்துப் பார்த்ததற்கான அடையாளம் பதிலில் இருப்பதில்லை.

அடுத்தது நேர்காணல். குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன செய்வீர்கள், உங்கள் பேச்சில் இதற்கு என்ன சொல், எலி பிடிப்பாயா, பாம்பு பிடிப்பாயா? தாம்பரத்தில் வாடகை வீட்டில் வளர்ந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பெண்ணிடம் இதைக் கேட்டால் அவள் விழிக்கத்தான் செய்வாள். விழித்தால் ‘பழங்குடிப் பண்புகள் காணப்படவில்லை’ என்று அறிக்கை. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் குறித்து ஏழு தொகுதிகள் வெளியிட்டது 1909-இல். அந்தப் பக்கங்களில் இருக்கும் இருளரைப் போல இன்றைய இருளர் இல்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்? நீங்களும் உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் போல இல்லை. உங்கள் சாதியை யாரும் சந்தேகிக்கவில்லை.

இதில் சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு நெறிமுறை வகுத்தது. இனப் பண்புகளை ஆராய்வதும் அதில் ஒரு பகுதி. அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லா மறுப்புகளும் வந்தன. ஆனால் 2023 மார்ச்சில், மகாராஷ்டிரத்து தாக்கூர் பழங்குடியினர் தொடர்பான வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பண்புச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. இடம்பெயர்ந்தவர்கள், படித்தவர்கள், ஊரோடு கலந்து வாழ்பவர்கள் பழைய வழக்கங்களை இழந்திருக்கலாம். அதனால் பழங்குடி இல்லை என்றாகிவிடாது. உங்கள் கோட்டத்தில் இந்தத் தீர்ப்பு வந்து சேர்ந்துவிட்டதா?

ஒரு வேடிக்கையும் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. இந்தியா முழுவதும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாராவதற்கு அங்கே எடுக்கும் நஞ்சுதான் பெரும்பாலும் மூலப்பொருள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு இருளர் யார் என்று தெரிகிறது. திருட்டு வழக்கில் ஆள் சேராதபோது காவல் நிலையத்துக்கும் நன்றாகத் தெரிகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்தில் குறவர் குடும்பங்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுத்த அரசு, எவரிடமும் அப்பாவின் சான்றிதழைக் கேட்கவில்லை. தண்டிக்கும்போது ஐயமில்லாமல் தெரியும் ஒரு சமூகம், பாதுகாக்க வேண்டிய நேரத்தில் மட்டும் ஏன் அடையாளம் தெரியாமல் போகிறது?

உங்கள் அதிகாரத்தின் எல்லையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எந்தச் சமூகம் பழங்குடி என்று அறிவிப்பது 342-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர். அறிவித்த பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். நீதிமன்றம்கூட அதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று மிலிந்த் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. நீங்கள் இதைச் சரியாகவே பின்பற்றுகிறீர்கள், பட்டியலில் இல்லாதவர் வந்தால். ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் எஸ்.டி. சான்றிதழ் கேட்டு வந்தால், பட்டியலில் மலையாளி என்பது தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்புகிறீர்கள். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் உறவினர் பழங்குடி, இந்தப் பக்கம் இவர் பழங்குடி இல்லை. இது கொடுமைதான், ஆனால் உங்கள் குற்றம் இல்லை. டெல்லி திருத்த வேண்டியது. நரிக்குறவர்களைச் சேர்க்கச் சொல்லி லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்ற 2022 டிசம்பர் ஆனது. அந்தத் தாமதத்துக்கும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டியலில் பெயர் இருந்தும் உங்கள் வாசலில் நிற்பவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன். சேர்க்க அதிகாரமில்லாத நீங்கள், தாமதத்தால் நீக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நாடாளுமன்றத்துக்கு மட்டும் உரிய ஒரு வேலையை, ‘நிலுவை’ என்ற ஒரு சொல்லால் செய்துவிடுகிறீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 1976-ஆம் ஆண்டின் பட்டியல் திருத்தச் சட்டம் பெரும்பாலான சமூகங்களுக்கு இருந்த வட்டார வரம்பை நீக்கியபோது, பெயர் ஒற்றுமையைப் பயன்படுத்திப் பலர் உள்ளே நுழைந்தார்கள். கொண்டாரெட்டி, காட்டுநாயக்கன், குறுமன்ஸ் பெயர்களில் போலிச் சான்றிதழ்கள் புறப்பட்டன. வங்கிகளிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் பணி ஓய்வு வரை வழக்கு நடத்திய கதைகள் உண்டு. கையெழுத்திட்ட அதிகாரிகள் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். கொடுத்தால் விளக்கம் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று உங்களுக்கு முன் இருந்தவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

அந்தப் பயத்துக்கு மருந்து மறுப்பு ஆகாது. போலிச் சான்றிதழில் வேலை பெற்றவர் எத்தனை ஆண்டு பணி செய்திருந்தாலும் அந்தப் பலனை வைத்துக்கொள்ள முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சரிபார்க்கக் குழு இருக்கிறது, ரத்துசெய்ய வழி இருக்கிறது, வேலையைப் பறிக்கவும் வழக்குப் போடவும் வழி இருக்கிறது. ஏமாற்றிப் பெற்றவனைப் பத்து ஆண்டு கழித்தும் பிடித்துவிடலாம். உண்மையானவளுக்குப் பதினேழு வயதில் மறுத்த கல்லூரி இடத்தை இருபத்தேழு வயதில் எந்தக் குழு திருப்பிக் கொடுக்கும்? இன்னொன்றையும் கவனியுங்கள். போலி மனுவோடு வருபவரிடம் ஆவணம் குறைவதே இல்லை. அவர் கோப்பு கச்சிதமாக இருக்கும், வழக்கறிஞர் கூட வருவார். வெறுங்கையோடு வருபவர்தான் பெரும்பாலும் உண்மையானவர். உங்கள் கண்டிப்பு யார்மீது விழுகிறது என்று பாருங்கள்.

2022 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தந்தை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் செய்தித்தாள்களில் வந்த காரணம், மகனுக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடைக்கவில்லை என்பது. அவர் பிழைக்கவில்லை. அதன் பிறகு உங்கள் அலுவலகங்களில் எத்தனை சுற்றறிக்கைகள் வந்தன என்று எனக்குத் தெரியாது; வாசலில் நிற்பவர்களின் வரிசை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி மேலும் எழுதிப் பரிதாபம் தேட விரும்பவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே, கோட்டத் தலைநகரத்துச் சாலையோரத்தில், ஒரு மேசைக்கு முன்னால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

நினைத்தால் எவ்வளவு விரைவாக முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவர் பெண் உட்கார விடாமல் விரட்டப்பட்ட காணொளி பரவியது. அடுத்த மாதம், தீபாவளி நாளன்று, முதலமைச்சர் அவர்கள் வாழும் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் குடும்பங்களிடம் முந்தைய மாதம் வரை இல்லாத எந்த ஆவணம் தீபாவளிக்குள் முளைத்தது? ஒன்றும் முளைக்கவில்லை. அதிகாரிகள் ஊருக்குள் போனார்கள், பார்த்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். அவ்வளவுதான் விசாரணை. பூஞ்சேரியில் ஒரு மாதத்துக்குள் முடிந்தது மற்ற ஊர்களில் ஆண்டுக்கணக்கில் முடியவில்லை என்றால், வேறுபாடு சட்டத்திலும் இல்லை, ஆவணத்திலும் இல்லை. கேமரா வந்த ஊர், வராத ஊர் என்பதுதான் வேறுபாடு. மனம்போன போக்கு என்று ராயப்பா வழக்கில் சொன்னது இதைத்தான்.

14-ஆவது பிரிவின் பின்பாதி, சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்பது, அமெரிக்க அரசமைப்பின் 14-ஆவது திருத்தத்திலிருந்து நமக்கு வந்தது. 1868-இல், அடிமைத்தளை நீங்கி வந்த கறுப்பின மக்களைப் பழைய முதலாளிகளிடமிருந்தும் மாநில அரசுகளிடமிருந்தும் காக்க எழுதியது. இந்த வரலாறு உங்களுக்கு அந்நியமானது இல்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அரிசி ஆலையிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் மரம் வெட்டும் காட்டிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டு, விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திடுபவர்கள் நீங்கள்தான். உங்களில் சிலர் நள்ளிரவில் சூளைக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கி வந்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பங்கள் உங்கள் பெயரை இன்றும் நன்றியோடு சொல்கின்றன. மீட்ட அன்று அவர்கள் யார் என்பதில் உங்களுக்கு ஐயம் வந்திருக்காது. அதே பேனா, அதே பச்சை மை. ஒரு தாளில் எழுதிய உண்மையை அடுத்த தாளில் எழுத ஏன் தயங்குகிறது?

நான் கேட்பது புதிய சட்டம் இல்லை, அரசாணையும் இல்லை. உங்கள் அதிகாரத்துக்குள் இன்றே செய்யக்கூடியதைத்தான்.

விசாரணையைக் குடியிருப்புக்குக் கொண்டுபோங்கள். வி.ஏ.ஓ. அறிக்கை, ஆர்.ஐ. அறிக்கை, தாசில்தார் அறிக்கை என்று மூன்று மேசை கடந்து வருவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விடுகிறது. கடைசியில் மூவரும் எழுதுவது ஒரே வரிதான். நீங்களே ஒருநாள் ஏரிக்கரைக்கு வந்து, ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதினால் அந்தக் குடியிருப்பில் சான்றிதழ் இல்லாத எல்லோருக்கும் ஒரே விசாரணை போதும். ஒரு வீட்டில் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கையைப் புதிதாக நிரூபிக்கச் சொல்லும் அபத்தமும் நிற்கும். அப்பாவின் தாள் இல்லாத வீட்டில், மாமன் மகனுடைய சான்றிதழ், கொத்தடிமை விடுதலைச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பக்கத்து ஊர்க்காரர்களின் வாக்குமூலம் இவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலே யாரைக் கேட்டாலும் “அது இருளர் வூடு” என்று விரலை நீட்டிக் காட்டுவார்கள். அந்த விரலுக்கும் சாட்சி மதிப்பு உண்டு.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளின் மனுக்களைத் தனியாக எடுத்து, தேர்வு முடிவு வருவதற்குள் முடித்துவிடுங்கள். இது நான் ஆசிரியனாகக் கேட்பது. சேர்க்கை முடிந்து ஆகஸ்டில் கைக்கு வரும் சான்றிதழால் பயனில்லை. அதற்குள் அந்தப் பையன் அப்பாவோடு கரும்பு வெட்டப் போயிருப்பான்.

கடைசியாக ஒன்று. விசாரித்து, பார்த்து, கேட்ட பிறகும் ஒருவர் பழங்குடி இல்லை என்று உங்கள் மனதுக்குப் பட்டால், தாராளமாக மறுத்துவிடுங்கள். எங்கள் கோபம் மறுப்பின்மீது இல்லை. ஆனால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லைக் கணினியில் ஏற்றிவிட்டு எழுந்து போகாதீர்கள். எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், யாரை விசாரித்தீர்கள், எதை ஏன் நம்பவில்லை என்று தமிழில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு அந்தத் தாயின் கையில் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் ஒரு பழைய ஆசிரியன்